டிக்கெட்டில் 13½ மணி நேரம், அம்மாவுக்கு 35

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 66 வயது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பத்து வருடமாகச் சீனி வியாதி. காலையும் இரவும் இன்சுலின் ஊசி. காலையில் அளவு கூட, இரவில் குறைவு. பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். முழங்கால் வலி இருக்கிறது, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது, கால் விரல்களில் கொஞ்சம் மரத்துப்போன உணர்வு. டொரன்டோவில் இருக்கும் இளைய மகளுக்கு ஜூன் கடைசியில் பிரசவம். அம்மா தனியாக, டுபாய் வழியாகப் போகப் போகிறார். செவ்வாய்க்கிழமை அதிகாலை 3 மணிக்குக் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமானநிலையத்தில் விமானம். அதே செவ்வாய்க்கிழமை பின்னேரம் 4.30க்கு டொரன்டோ என்று டிக்கெட்டில் இருக்கிறது.

ஆசிரியை கேட்பது இது: “டிக்கெட்டைப் பார்த்தால் பதின்மூன்றரை மணி நேரம். இன்டர்நெட்டில் இரண்டு விமானநிலையங்களுக்கும் இடையில் 14,000 கிலோமீட்டர், 17 மணி நேரம் என்று வருகிறது. தங்கையோ 23 மணி நேரம் என்கிறாள். எது சரி, டொக்டர்? எதை வைத்து ஊசியைக் கணக்குப் பார்ப்பது? அம்மாவுக்கு வேனில் ஏறினாலே வாந்தி வரும். அதனால் முதல் நாளிலிருந்தே ஒன்றும் கொடுக்காமல் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம். விமானத்தில் தூக்க மாத்திரை ஒன்று கொடுத்தால் தூங்கிக்கொண்டே போய்விடுவார் என்று தம்பி சொல்கிறான். அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டுமா என்று அம்மா பயப்படுகிறார்.”

டீச்சர், மூன்று கணக்குமே பிழை இல்லை. மூன்றும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன. ஆனால் உங்கள் அம்மாவின் உடம்புக்கு வேண்டிய கணக்கு அந்த மூன்றிலும் இல்லை.

இன்டர்நெட் சொல்லும் 14,000 கி.மீ. சரிதான். ஒரு உலக உருண்டையை எடுத்துக் கட்டுநாயக்கவிலிருந்து டொரன்டோவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்து, மேற்கே அரபுக்கடல், ஐரோப்பா, அட்லாண்டிக் என்று நூல் போகும் என்றுதான் நினைப்போம். உருண்டையில் அது நேரே வடக்கே ஏறும். இந்தியாவைத் தாண்டி, மத்திய ஆசியாவையும் ரஷ்யாவையும் கடந்து, வட துருவத்தை ஒட்டிய பனிக்கடல் பக்கமாகப் போய், மறுபக்கம் கனடாவுக்குள் இறங்கும். அந்தத் தூரத்தை ஒரு விமானத்தின் வேகத்தால் வகுத்தால் ஏறக்குறைய 17 மணி நேரம் வரும். எங்கும் இறங்காமல் பறந்தால் இவ்வளவு ஆகும் என்ற கணக்கு அது. அப்படி நேரே போகும் விமானம் கட்டுநாயக்கவிலிருந்து இல்லை. பறக்க முடியாத தூரம் என்பதால் அல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கி.மீ. ஒரே மூச்சில் பறக்கிறார்கள். நம்மிடமிருந்து அந்த வழியில் சேவை இல்லை, அவ்வளவுதான்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணிக்கூடு. ஜூன் மாதத்தில் டொரன்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். அதே குளிர்காலத்தில் போனால் பத்தரை. செவ்வாய் பின்னேரம் 4.30 என்பது நமக்குப் புதன் அதிகாலை 2 மணி. ஆக, தங்கை சொல்வதுபோல 23 மணி நேரம்: டுபாய்க்கு 3,300 கி.மீ., ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே நாலு மணி நேரம் காத்திருப்பு. பிறகு 11,000 கி.மீ., சுமார் 14 மணி நேரம்.

இப்போது நான்காவது கணக்கு. உங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலிலிருந்து தங்கையின் வீட்டு வாசல் வரை. பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று இறங்கிக் கட்டுநாயக்க போய்ச் சேர சுமார் 150 கி.மீ. தான். மழையும் மூடுபனியும் லொறியும் சேர்ந்தால் ஐந்து ஆறு மணி நேரம் ஆகிவிடும். டுபாய்க்குப் பறப்பதை விட அதிகம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும். அங்கே இறங்கிய பிறகு குடிவரவு வரிசை, பெட்டி, கார். நீங்கள் திட்டமிட்டிருப்பதுபோல திங்கள் பின்னேரம் 5 மணிக்கு வேன் ஏறினால், அம்மா அங்கே கட்டிலில் கால் நீட்டிப் படுக்கும்போது நம் மணிக்கூட்டில் புதன் விடியற்காலை நாலரை. முப்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல். நான் பார்க்கும் கணக்கு இது. ஊசி, சாப்பாடு, தண்ணீர், கால் எல்லாவற்றையும் இதற்குள்தான் பொருத்த வேண்டும்.

முதலில் அந்த வேன்

பட்டினியாகக் கூட்டிப்போகும் யோசனையைத் தயவு செய்து விட்டுவிடுங்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி தாழ்ந்துபோகும். வேனில் வியர்த்து, மயங்கிச் சாய்ந்தால், “பயணக் களைப்பு, தூங்குறாங்க” என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். சாப்பிடவில்லை என்பதற்காக ஊசியையும் நிறுத்தினால் சீனி ஏறி, விமானம் ஏறும் முன்பே உடம்பில் தண்ணீர் வற்றத் தொடங்கும். இரண்டுமே கூடாது.

வாந்திக்கு வேறு வழி இருக்கிறது. முன் சீட்டில் உட்கார வையுங்கள். எண்ணெய் இல்லாத லேசான சாப்பாடு, ஒரு ரொட்டியோ இரண்டு இடியப்பமோ, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள். வாந்தி மாத்திரை தேவையா, எது என்று கிளினிக்கில் கேளுங்கள்; சில மாத்திரைகள் வயதானவர்களுக்குத் தலைசுற்றலைக் கூட்டும்.

இன்னொன்றும் சொல்வேன். திங்கள் பின்னேரம் கிளம்ப வேண்டாம். ஞாயிறு காலையிலேயே இறங்கி நீர்கொழும்புப் பக்கம் சொந்தக்காரர் வீட்டிலோ ஒரு சின்ன அறையிலோ தங்குங்கள். திங்கள் முழுக்க அம்மா படுத்து எழும்பட்டும். இரவு பதினொன்றரைக்கு விமானநிலையம் போனால் போதும். செலவு கொஞ்சம் கூடும், தெரியும். ஆனால் மலையிறங்கிய களைப்பையும் விமானக் களைப்பையும் ஒரே நாளில் அந்த உடம்பின் மேல் ஏற்றுவதை விட இது மேல். காலின் உள் நரம்பில் இரத்தம் உறைந்து கட்டும் ஆபத்தும் இதனால் குறையும். அந்த விஷயத்தில் வேனில் ஆறு மணி நேரம் மடங்கி உட்கார்வதும் உட்கார்வதுதான்.

மூச்சு முட்டுமா?

அம்மாவிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் காற்று ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல இருக்கும். நுவரெலியா ஆறாயிரத்து நூறு அடிக்கு மேல். ஹோர்ட்டன் சமவெளி ஏழாயிரம் அடி. கொழும்பில் பிறந்து வளர்ந்தவருக்கு அது புது உயரம். உங்கள் அம்மாவுக்கு அது பக்கத்து ஊர். நெஞ்சு வருத்தமோ நுரையீரல் வருத்தமோ இல்லையென்றால், நுவரெலியா கடைத்தெருவில் மூச்சு வாங்காமல் நடக்கிறவர் விமான சீட்டிலும் நன்றாகவே மூச்சு விடுவார்.

வித்தியாசம் ஈரத்தில்தான். நம் மலையில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. உதடும் தொண்டையும் காயும். தண்ணீர் குடித்துக்கொண்டே போக வேண்டும்.

இதில்தான் எனக்குக் கவலை. மலையில் வேலை செய்த தாய்மார்களை எனக்குத் தெரியும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போனால் பின்னேரம் கொழுந்தை எடை போட்டு முடியும் வரை ஒதுங்க மறைவிடம் இல்லை. அதனால் தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. வெளியூர் என்றாலே காலைத் தேத்தண்ணியையும் வேண்டாம் என்பார்கள். உங்கள் அம்மா 14 மணி நேர விமானத்தில் ஒரு முறைகூட எழும்பாமல் இருந்துவிட்டு, “ஒரு கரைச்சலும் இல்ல, பேசாம இருந்தேன்” என்று பெருமையாகச் சொல்லக்கூடும். சீனி வியாதிக்காரருக்கு அது நல்ல செய்தி இல்லை. தண்ணீர் வற்றும், சிறுநீர்க் கிருமித் தொற்று வரும், காலில் இரத்தமும் கட்டும்.

அதனால் விமானத்துக் கழிப்பறையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலும் கதவை இழுக்க வேண்டியதில்லை. நடுவில் தள்ளினால் இரண்டாக மடியும். உள்ளே போய்த் தாழ்ப்பாளை நகர்த்திய பிறகுதான் விளக்கு நன்றாக எரியும். அமுக்கினால் ‘புஸ்’ என்று பெரிய சத்தம் வரும், பயப்பட ஒன்றுமில்லை. இது தெரியாமல் ஒரு அம்மா பாதி இருட்டில் கதவைப் பூட்டாமல் நின்றுவிட்டு, அதற்குப் பிறகு இறங்கும் வரை எழும்பவே இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நடைபாதை ஓரத்து சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். ஜன்னல் ஓரத்தில் வைத்தால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டு அப்படியே இருந்துவிடுவார்.

ஊசி: இங்கேதான் கவனம்

மேற்கே போகும்போது நாள் நீளும். அம்மாவின் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு 24 மணி நேரம் இல்லை, முப்பத்து மூன்றரை மணி நேரம். சாப்பாட்டு வேளை ஒன்று கூடும், ஊசியும் ஒன்று கூட வேண்டி வரலாம்.

பலர் செய்யும் பிழை ஒன்றைச் சொல்கிறேன். “நம்ம நேரப்படியே போட்டுக்கிட்டு போங்க” என்று மணிக்கூட்டை மாற்றாமல் விட்டுவிடுவார்கள். நம் காலை 7 மணி என்பது டொரன்டோவில் முதல் நாள் இரவு ஒன்பதரை. அம்மாவுக்குக் காலை அளவு கூட என்கிறீர்கள். நம் நேரத்தைப் பார்த்து அந்தப் பெரிய அளவை அங்கே இரவில் போட்டுவிட்டுப் படுத்தால், நடுச்சாமத்தில் சீனி தாழும். எல்லோரும் தூங்கும் வீட்டில், புது இடத்தில், யாருக்கும் தெரியாது. இதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன்.

பொதுவான முறை இப்படி இருக்கும். திங்கள் இரவுச் சாப்பாட்டுடன் வழக்கமான இரவு ஊசி. செவ்வாய் காலை ஊசி டுபாயில், காலைச் சாப்பாடு கையில் வந்த பிறகு. அடுத்தது நடு வானத்தில், நம் நேரம் இரவு ஏழு எட்டு மணிக்கு, சாப்பாட்டுத் தட்டு முன்னால் வைத்த பிறகு. அங்கே இறங்கியதும் மணிக்கூட்டை மாற்றி, இரவுச் சாப்பாட்டுக்கு முன் சீனி பார்த்து, குறைத்த அளவில் ஒன்று. மறுநாள் காலையிலிருந்து அந்த ஊர் நேரத்துக்கு வழக்கம் போல. ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை யூனிட் என்பதை அம்மாவைப் பார்க்கும் கிளினிக் டொக்டர்தான் எழுதித் தர வேண்டும். அம்மாவின் கிளினிக் குறிப்புக் கொப்பியைப் பார்க்காமல் நான் எண் சொல்வது சரியில்லை. ஒரு விதியை மட்டும் அம்மா மனப்பாடம் செய்யட்டும்: சாப்பாடு முன்னால் வராமல் ஊசி இல்லை. விமானத்தில் ஆட்டம் எடுத்தால் சாப்பாடு வண்டியை நடுவில் நிறுத்திவிடுவார்கள்.

இன்சுலின் கைப்பைக்குள்தான் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டால் அடித்தட்டுக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம், பெட்டி தொலையவும் கூடும். தண்ணீர், திரவப் பொருட்களுக்கு 100 மி.லி. என்ற கட்டுப்பாடு மருந்துக்கு இல்லை; ஆனால் டொக்டர் கடிதம் காட்ட வேண்டி வரும். மருந்துப் பெயர், அளவு, ஊசி கொண்டுபோகும் காரணம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். சீனி பார்க்கும் மெஷின், டொபி, பிஸ்கட் எல்லாம் அதே பையில். டொபியை மட்டும் சேலை முந்தானையிலோ சட்டைப் பையிலோ வைக்கச் சொல்லுங்கள். கை நடுங்கும்போது மேலே இருக்கும் பையை இறக்க முடியாது.

தூக்க மாத்திரை, கால், செருப்பு

தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் மாத்திரை போட்டுத் தூங்கினால் கால் அசையாது, தாகம் தெரியாது, சீனி தாழ்ந்தாலும் விழிக்க மாட்டார்.

நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் கட்டும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள். பயப்படும் அளவுக்கு இல்லை; ஆரோக்கியமானவர்களில் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற கணக்குத்தான். அம்மாவுக்கு வயதும் சுருண்ட நரம்பும் இருப்பதால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் எழும்பி நடக்கட்டும். உட்கார்ந்திருக்கும்போது தையல் மெஷின் மிதிப்பது போலப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். இறுக்கமான காலுறை நல்லதுதான், ஆனால் அதைக் கடையில் வாங்கி நீங்களே மாட்டிவிடாதீர்கள். விரல் மரத்திருப்பவருக்குப் பாதத்தில் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அது. எஸ்பிரினும் அப்படித்தான், ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் தொடரட்டும், பயணத்துக்காகப் புதிதாக வேண்டாம்.

பயணத்துக்கென்று புதுச் சப்பாத்து வாங்கியிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை, ஆனால் பெரும்பாலும் வாங்குவார்கள். வாழ்நாள் முழுக்க ரப்பர் செருப்பு போட்ட காலில் புதுச் சப்பாத்தை முப்பது மணி நேரம் மாட்டினால், கால் வீங்கி, கொப்புளம் வந்து, மரத்த விரலுக்கு அது தெரியாமலே புண்ணாகும். வாங்கியிருந்தால் இன்றிலிருந்து வீட்டுக்குள் தினமும் ஒரு மணி நேரம் போட்டுப் பழகட்டும். ஒரு அளவு பெரிதாக இருந்தால் நல்லது.

இறங்கிய பிறகு சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டை வலித்துச் சூடாக இருந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. தங்கைக்கு இதைச் சொல்லி வையுங்கள். பிரசவ நேரத்தில் அம்மா தன் வலியை வாய் திறந்து சொல்ல மாட்டார்.

எந்த வழி, என்ன உதவி

லண்டன் வழியாகப் போய் அங்கே இரண்டு நாள் இளைப்பாறலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கொழும்பிலிருந்து லண்டனுக்கு 8,700 கி.மீ., நேரே சுமார் 11 மணி நேரம். அங்கிருந்து டொரன்டோவுக்கு 5,700 கி.மீ., எட்டு மணி நேரம் அளவில். உடம்புக்கு அந்தப் பிரிப்பு நல்லதுதான். ஆனால் வெளியே வந்து தங்க பிரிட்டன் விசா தனியாக எடுக்க வேண்டும். தனியாகப் போகும் அம்மாவுக்கு டுபாய் வழியே போதும். நாலு மணி நேரக் காத்திருப்பும் சரியான அளவு; சாப்பிட, ஊசி போட, நடக்க நேரம் இருக்கும். விலை குறைவு என்று இரண்டு இடத்தில் மாறும் டிக்கெட்டுக்கு மாற்றிவிடாதீர்கள்.

வீல் செயார் கட்டாயம் கேளுங்கள், பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னாலாவது. அதற்குக் கட்டணம் இல்லை. “நான் என்ன நடக்க ஏலாதவளா?” என்று கோபிப்பார். முழங்காலுக்காக என்று சொல்லாதீர்கள். வழி காட்ட ஒரு ஆள் வருவார், அதற்காக என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். டுபாயில் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போவதற்கு, பலகையில் ஆங்கிலமும் அரபும் படிக்கத் தெரியாதவருக்கு அந்த ஆள்தான் துணை.

கனடாவுக்குச் சுற்றுலா விசாவில் போகிறவருக்கு ஒன்டாரியோ மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி கிடையாது. தனியாகக் காப்புறுதி எடுங்கள், அந்தப் படிவத்தில் சீனி வியாதியை மறைக்காதீர்கள். கட்டணம் குறையும் என்று மறைத்தால், தேவைப்படும் நாளில் அவர்கள் பணம் தர மறுக்கலாம்.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ். காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிப்பதால் டொரன்டோவிலிருந்து டுபாய்க்கு ஒரு மணி நேரம் அளவு குறையும். நாளும் ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் சுருங்கும், ஊசி அளவைக் குறைக்க வேண்டி வரும். அதையும் இப்போதே கிளினிக்கில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; அங்கே போய்த் தேட வேண்டாம்.

அடுத்த கிளினிக் நாளுக்குக் கொப்பியோடு டிக்கெட்டையும் எடுத்துப் போங்கள். வரிசையில் நிற்கும்போதே ஒரு தாளில் இரண்டு பத்தி கீறி, ஒன்றில் நம் நேரம், மற்றதில் அந்த ஊர் நேரம், பக்கத்தில் சாப்பாடு, ஊசி என்று எழுதி வையுங்கள். டொக்டர் யூனிட்டை மட்டும் நிரப்பினால் போதும். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்து அம்மாவின் பாஸ்போட்டுக்குள் வையுங்கள். இன்னொன்றைத் தங்கைக்குப் போனில் அனுப்பிவிடுங்கள்.